‘டக்’ வரவில்லையா? விலை குறைந்த டபுள் பேஸை ஸ்லாப்புக்குத் தயார் செய்வது

விலை குறைந்த டபுள் பேஸ் (நின்றுகொண்டு வாசிக்கும், வயலின் மாதிரியான ஆளுயர வாத்தியம்) எதுவாக இருந்தாலும், அது வில் போட்டு வாசிக்கப் பழகும் மாணவரை மனதில் வைத்துத்தான் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகிறது. கம்பி இரும்பு. கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத் துண்டான பிரிட்ஜ் பாதி வெட்டியும் வெட்டாமலும் இருக்கும். 1950களில் அமெரிக்காவில் கன்ட்ரி இசையும் ப்ளூஸும் கலந்து பிறந்த ராக்கபில்லிக்கு வேண்டியது வேறு: கம்பியை இழுத்து விட்டு, அறைந்து, சுரத்தோடு தட்டையும் எடுக்கும் ஸ்லாப். 1954 ஜூலையில் மெம்பிஸ் நகரில் பதிவாகி, சன் கம்பெனி வெளியிட்ட எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டில் டிரம்ஸ் கிடையாது. எல்விஸ், கிட்டாரில் ஸ்காட்டி மூர், பேஸில் பில் பிளாக், அவ்வளவுதான். டிரம்ஸ் பார்க்க வேண்டிய வேலையையும் பில் பிளாக்கின் வலது கைதான் பார்த்தது. அந்த வேலையைச் செய்யும்படி உங்கள் பேஸை மாற்றுவதுதான் கீழே உள்ள மொத்த விஷயமும்.

வடசென்னையில் இந்தச் சத்தத்துக்கு எப்போதும் காது உண்டு. பெரம்பூரில் ரயில்வே வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் மேற்கத்திய நடன இசையோடு வாழ்ந்தவர்கள். கானா மேடையில் டோலக் கேட்டு வளர்ந்த பையன்களுக்கும் ஸ்லாப் உடனே பிடித்துப்போகிறது, ஒரே வாத்தியத்தில் சுருதியும் தட்டும் சேர்ந்து வருகிறதே! ஆனால் பேஸ் வாங்கி இரண்டே மாதத்தில் ‘இது சரியில்லை, வேறு வாங்கணும்’ என்று சொல்பவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் பேஸில் தப்பில்லை. பிளைவுட் உடம்பு என்பதற்காகக் கூச்சப்படவும் வேண்டாம், அமெரிக்காவில் அந்தக் காலத்து ஸ்லாப் ஆட்கள் பலர் வைத்திருந்த கே கம்பெனி பேஸ்களும் பிளைவுட்தான். ஈரக்காற்றில் வெடிக்காது, வண்டியில் ஏற்றி இறக்கினால் தாங்கும்.

எதைத் தொடுவதற்கு முன்பும் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நான்கு கம்பிகளையும் ஒரே நேரத்தில் தளர்த்தக் கூடாது. உள்ளே இருக்கும் சவுண்ட் போஸ்ட் பசை போட்டு ஒட்டியதல்ல, மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே அழுத்தத்தில் மட்டும் நிற்கும் குச்சி. அழுத்தம் போனால் விழுந்துவிடும். ஒரு கம்பியைக் கழற்றி மாற்றி, சுருதி ஏற்றிவிட்டு, அப்புறம் அடுத்தது.

கையில் இருக்க வேண்டியவை: ஸ்டீல் ஸ்கேல், இரண்டு ஏ.டி.எம். கார்டு, பென்சில், ஊசி அரம் ஒரு செட், உப்புத்தாள், கார்பன் பேப்பர். பிராட்வே பக்கம் ஒரு நடை போனால் எல்லாம் கிடைத்துவிடும்.

இழுத்து விட்டால் ‘தொம்’ என்கிறது, ‘டக்’ இல்லை

அதிகம் பேர் சொல்லும் குறை இதுதான், அதனால் இதற்கு நேரம் கொடுங்கள்.

ஸ்லாப்பில் இரண்டு சத்தம் உண்டு. விரலைக் கம்பிக்கு அடியில் கொக்கி போல் மாட்டி, பலகையை விட்டு வெளியே இழுத்து விடும்போது கம்பி திரும்பி வந்து, கழுத்தின் மேல் உள்ள அந்தப் பலகையில், அதாவது பிங்கர்போர்டில் மோதும். அதில் சுரமும் வரும், ‘டக்’கும் வரும். அடுத்து உள்ளங்கையால் எல்லாக் கம்பியையும் பலகையோடு சேர்த்து அறைவது. அதில் சுரம் இல்லை, தட்டு மட்டும். இரண்டாவது எந்த பேஸிலும் வரும். முதலாவது வரவில்லை என்றால் கம்பி பலகை வரை போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

முதலில் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிரிட்ஜுக்கும் பிங்கர்போர்டுக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தில் இழுத்தால் மோத அங்கே பலகையே இல்லை. பிங்கர்போர்டின் கீழ் முனைக்குக் கொஞ்சம் மேலே, பலகை இருக்கும் இடத்தில் இழுங்கள். சிலருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

தீரவில்லையா, அப்போது கம்பிதான் காரணம். பேஸோடு வரும் இரும்புக் கம்பி ஒவ்வொன்றும் சுமார் 25 முதல் 30 கிலோ இழுவையில் நிற்கிறது. வில்லுக்கு அது நல்லது. இழுத்து விடுவதற்கு அது ரொம்ப விறைப்பு. பழைய ஆட்கள் போட்டது குடல் நரம்பு. அதன் இழுவை குறைவு, தடிமன் அதிகம், அதனால் கம்பி தாராளமாக ஆடிப் பலகையில் விழும். ஆனால் நம் கடற்காற்றில் குடல் நரம்பை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஈரம் ஏற ஏறச் சுருதி ஓடும், வியர்வைக் கையில் பிசிறு கிளம்பும், விலையும் கட்டுப்படியாகாது. பணம் இருந்தால் ஸ்லாப்புக்கென்றே வரும் சின்தெட்டிக் செட் வாங்குங்கள். இன்னோவேஷன் கம்பெனியின் சில்வர் ஸ்லாப் போன்றவை. வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும், ஆனால் செலவுக்குத் தகுந்த பலன் இதில்தான் அதிகம்.

பணம் இல்லை என்றால் காசிமேடு இருக்கிறது. வெளிநாட்டில் சிக்கன ஸ்லாப் ஆட்கள் புல் வெட்டும் மெஷினில் சுழலும் நைலான் கயிற்றை பேஸில் கட்டுகிறார்கள். அதே ஜாதி நைலான் நம் மீன்பிடித் துறைமுகத்துத் தூண்டில் சாமான் கடையில் தங்கூசி நரம்பாகக் கிடைக்கிறது.

“அண்ணே, ரெண்டு மில்லி தங்கூசி வேணும்.”

“எந்த மீனுக்கு தம்பி?”

“மீனுக்கு இல்லண்ணே, வாத்தியத்துக்கு.”

சொன்னால் சிரித்துக்கொண்டே நாலைந்து சுருளை எடுத்துப் போடுவார்கள். மேற்பரப்பு வழவழப்பாக, நசுங்கல் இல்லாமல், எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருப்பதைப் பொறுக்குங்கள். விரல் நகத்தால் ஒரு முழம் தடவிப் பார்த்தாலே மேடு பள்ளம் தெரிந்துவிடும். தடிமன் மாறினால் சுரம் ஒழுங்காக நிற்காது.

பேஸின் நான்கு கம்பிகள், மேல் சுருதியிலிருந்து கீழே வரிசையாக, ஜி, டி, ஏ, ஈ. முக்கால் அளவு பேஸில் கம்பி நீளம் சுமார் 105 செ.மீ. அந்த நீளத்துக்கு 2 மி.மீ. நைலான் ஜி சுருதிக்கு ஏற ஏறத்தாழ 15 கிலோ இழுவை போதும். 2.7 மி.மீ. போட்டால் டி கம்பிக்கும் அதே அளவு வரும். இரும்பில் பாதி. இந்த இரண்டும் அருமையாக ‘டக்’ போடும். ஏ கம்பிக்கு 3.3 மி.மீ. பரவாயில்லை ரகம். ஈ கம்பிக்கு நைலான் வேண்டாம். 4 மி.மீ. போட்டாலும் 11 கிலோவுக்குத் தொளதொளவென்று தொங்கும், சுரம் மங்கிப்போகும். கீழ் இரண்டுக்கும் உலோகம் சுற்றிய சின்தெட்டிக் கம்பி, மேல் இரண்டுக்கும் தங்கூசி, இதுதான் குறைந்த செலவில் நான் சொல்லும் கலவை.

சுருளிலிருந்து வெட்டிய நைலான் வளைந்துகொண்டே இருக்கும். சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையில் கனத்தைத் தொங்கவிட்டு ஆறவிடுங்கள், நேராகிவிடும். கம்பிகளின் கீழ் முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸின் ஓட்டையில் முடிச்சு நிற்காமல் நழுவினால் முடிச்சுக்கு முன் ஒரு சின்ன பித்தளை வாஷர் கோத்துவிடுங்கள்.

கம்பி மாற்றிய பிறகு எல்லாமே ‘ஜ்ர்ர்’ என்கிறது

இது எதிர்பார்க்க வேண்டியதுதான். மொத்த இழுவை பாதியாகக் குறைந்ததும் கழுத்து கொஞ்சம் பின்னால் போகும், கம்பியின் உயரம் குறையும். கூடவே, தளர்ந்த கம்பி முன்னைவிட அகலமாக ஆடும். இரண்டும் சேர்ந்தால் உரசத்தான் செய்யும்.

பிங்கர்போர்டின் கீழ் முனையில் ஸ்கேலை நிறுத்தி, பலகையிலிருந்து கம்பியின் அடிப்பகுதி வரை அளந்து பாருங்கள். ஸ்லாப்புக்கு நான் தொடங்கும் அளவு ஜி கம்பிக்கு 7 மி.மீ., ஈ கம்பிக்கு 10 மி.மீ. அங்கிருந்து உங்கள் கைக்குத் தக்கபடி ஏற்றலாம், இறக்கலாம். ஜாஸ் வாசிப்பவர்கள் ஜி கம்பியை 5 வரை இறக்குவார்கள். அந்த உயரத்தில் ஸ்லாப்புக்கு விரலை அடியில் விடவே இடம் இருக்காது.

ஏற்ற இறக்கத்துக்கு பிரிட்ஜின் கால்களில் திருகு சக்கரம் இருந்தால் வேலை சுலபம். பிரிட்ஜில் 1 மி.மீ. மாற்றினால் பலகை முனையில் சுமார் 0.8 மி.மீ. மாறும். சக்கரம் இல்லாத பேஸ் என்றால் வைத்துக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் ஓர் உயரம், மே மாத வெயிலில் ஓர் உயரம் என்று நம் ஊரில் அது கட்டாயம் தேவைப்படும். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் லேத் பட்டறையில் 8 மி.மீ. மரையோடு பித்தளையில் கடைந்து தருவார்கள். ஆனால் பிரிட்ஜ் காலில் ஓட்டையை முதலில் நேராகப் போட்டுவிட்டு அப்புறம்தான் காலை வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு ஓட்டை போட்டால் இரண்டு துண்டும் ஒரே கோட்டில் நிற்காது.

உயரம் சரி, இன்னும் உரசுகிறது என்றால் பலகையின் குழிவைப் பாருங்கள். ஜி கம்பியை நட் (பிங்கர்போர்டின் மேல் முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளம் போட்ட கட்டை) பக்கத்திலும் கீழ் முனையிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, நடுவில் ஏ.டி.எம். கார்டை நுழையுங்கள். ஒரு கார்டு 0.76 மி.மீ. இரண்டு கார்டு சேர்த்து லேசாக உரசிக்கொண்டு போனால் தளர்ந்த கம்பிக்குப் போதுமான குழிவு இருக்கிறது. ஒன்றே போகவில்லை என்றால் பலகை தட்டையாக இருக்கிறது. டபுள் பேஸ் கழுத்துக்குள் கிட்டார் மாதிரி திருகும் கம்பி பொதுவாக இருக்காது, பலகையை இழைத்துத்தான் குழிவைக் கொண்டுவர வேண்டும். வயலின் குடும்பத்து வாத்தியம் பார்க்கும் ஆளிடம் கொடுங்கள். கதவு ஜன்னல் செய்யும் ஆசாரி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இது அவர் வேலை அல்ல.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் உரசல்

அழுத்தாத கம்பியில் மட்டும் என்றால் நட் பள்ளம் ஆழமாகிவிட்டது. அழுத்தும் ஒரே இடத்தில் மட்டும் என்றால் அதற்கு அடுத்து, பிரிட்ஜ் பக்கமாக ஒரு மேடு இருக்கிறது. ஸ்கேலைப் பலகையின் நீளவாக்கில் நிறுத்தி, பின்னால் கைப்பேசி டார்ச்சை அடித்தால் வெளிச்சம் எங்கே அடைபடுகிறதோ அங்கேதான் மேடு.

எந்தச் சுரம் வாசித்தாலும் எங்கிருந்தோ சலசலக்கிறது என்றால் கம்பியை விட்டுவிடுங்கள். சுருதி முறுக்கும் கியரின் திருகுகள், எண்ட்பின் (பேஸைத் தரையில் ஊன்றும் அடிக்கம்பி) காலர், பிரிட்ஜ் சக்கரம், இவற்றை இறுக்கிப் பாருங்கள். அப்புறம் விரல் முட்டியால் உடம்பின் விளிம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். பசை விட்ட இடத்தில் சத்தம் திடீரென்று மாறி, காய்ந்த பலகை இரண்டு படபடப்பது போல் கேட்கும். ராயபுரம், திருவொற்றியூர் மாதிரிக் கடலோர வீடுகளில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் இது சகஜம். அங்கே ஃபெவிகாலை ஊற்றாதீர்கள். மறுபடி பிரிக்க வேண்டி வந்தால் மரத்தைக் கிழித்துக்கொண்டுதான் வரும். பழைய தச்சர்கள் காய்ச்சிய வச்சிரம்தான் இதற்குச் சரி, சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். அதனால்தான் வாத்தியக்காரர்கள் இன்றும் அதை விடவில்லை.

கம்பி பள்ளத்தை விட்டு எகிறுகிறது

மெல்லிய இரும்புக் கம்பிக்கு வெட்டிய பள்ளத்தில் தடித்த நைலானை உட்காரவைத்தால் அது மேலே மிதக்கும். பக்கவாட்டில் இழுத்ததும் தாவி அடுத்த கம்பியில் போய் விழும். நட்டிலும் பிரிட்ஜிலும் ஊசி அரத்தால் பள்ளத்தை அகலப்படுத்துங்கள். அடிப்பகுதி உருண்டையாக, கம்பியின் பாதித் தடிமன் உள்ளே இருக்கும்படி. அதைவிட ஆழம் வேண்டாம், கம்பி நெருக்கப்பட்டுச் சத்தம் மங்கும். முடித்ததும் பென்சிலால் பள்ளத்துக்குள் கறுப்பாகத் தேய்த்துவிடுங்கள், சுருதி ஏற்றும்போது கம்பி வழுக்கிப் போகும், பிரிட்ஜையும் இழுக்காது.

பிரிட்ஜ் முன்னால் சாய்ந்துகொண்டே போகிறது

ஒவ்வொரு முறை சுருதி ஏற்றும்போதும் கம்பி பிரிட்ஜின் தலையைக் கழுத்துப் பக்கமாகக் கொஞ்சம் இழுக்கிறது. கவனிக்காமல் விட்டால் ஒருநாள் மேடையிலேயே படாரென்று விழும், மேல்பலகையில் வடு விழும். டெயில்பீஸ் பார்த்த முகம் மேல்பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு கையாலும் தலைப்பகுதியைப் பிடித்து மெதுவாகப் பின்னால் தள்ளுங்கள்.

திரும்பத் திரும்பச் சாய்கிறதா? அடியில் பாதம் சரியாகப் பதியவில்லை. விலை குறைந்த பேஸில் பாதம் தட்டையாகவே வரும், மேல்பலகையோ வளைந்தது. விளிம்பு மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். இதைச் சரி செய்வது பொறுமையான வேலை, ஆனால் வீட்டிலேயே முடியும். பிரிட்ஜைக் கழற்றியாக வேண்டியதால் கம்பிகள் நான்கும் தளரத்தான் செய்யும். அதனால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் பேஸை மல்லாக்கப் படுக்கவைத்து, அசைக்காமல் செய்யுங்கள். எஃப் வடிவத் துளைகளின் உட்பக்க வெட்டுகளுக்கு நேராக பிரிட்ஜ் நிற்கும் இடத்தைப் பென்சிலால் லேசாகக் குறியுங்கள். அங்கே உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே தெரியும்படி விரித்து, பிரிட்ஜை அதன் மேல் நிறுத்தி, நீளவாக்கில் சின்னச் சின்னதாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். மேல்பலகையின் வளைவே பாதத்தைச் செதுக்கிக்கொடுக்கும். அவ்வப்போது உப்புத்தாளை எடுத்துவிட்டு கார்பன் பேப்பர் வைத்து, பிரிட்ஜை ஒருமுறை அழுத்தி எடுத்துப் பாருங்கள். முதலில் குதிகாலில் மட்டும் நீலக் கோடு விழும். அப்புறம் ஓரங்களில் திட்டுத் திட்டாக. கடைசியில் பாதம் முழுக்க மங்கலான நீலம் பரவும்போது நிறுத்துங்கள். இந்த ஒரு வேலையால் பேஸின் சத்தமே கனமாகிவிடும். என்னைக் கேட்டால், எந்த பிக்கப் (சத்தத்தை மைக் செட்டுக்கு எடுத்துத் தரும் கருவி) வாங்குவதற்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும்.

உள்ளே ஏதோ உருள்கிறது

சவுண்ட் போஸ்ட் விழுந்துவிட்டது. உடனே நான்கு கம்பிகளையும் தளர்த்துங்கள், இனி விழ ஒன்றும் இல்லை, மேல்பலகை அமுங்காமல் காப்பாற்றுவதுதான் முக்கியம். அது நிற்க வேண்டிய இடம் ஜி கம்பிப் பக்கத்து பிரிட்ஜ் பாதத்துக்குச் சற்றுக் கீழே. வயலின் ரிப்பேர் செய்பவர் நிறுத்திக் கொடுப்பார். இரும்பிலிருந்து நைலானுக்கு மாறியவர்கள், போஸ்ட் லூசாக இருக்கிறதா என்று அவரிடமே ஒருமுறை பார்க்கச் சொல்லிவிடுவது நல்லது. அழுத்தம் குறைந்ததும் முன்பு இறுக்கமாக நின்றது தளர்ந்திருக்கும்.

விரலெல்லாம் கறுப்பு

பிங்கர்போர்டு கருங்காலி இல்லை, கறுப்புச் சாயம் ஏற்றிய வெள்ளை மரம். ஏப்ரல் வியர்வையில் சாயம் விடுகிறது. ஈரத் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்து, துணியில் கறுப்பு குறையும்வரை எடுத்துவிட்டு, இரண்டு நாள் காயவிடுங்கள். பிறகு காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காயாது, பிசுபிசுக்கும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கக் கூடியது. விரித்துக் காயவைத்து அப்புறம் எறியுங்கள்.

விரலில் கொப்புளம் வருகிறவர்கள் மேலே உள்ள கம்பி, உயரம் இரண்டையும் சரி செய்த பிறகும் வருகிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் வந்தால் பழக்கம்தான் மருந்து. விரல் நுனியால் இழுக்காமல் விரலின் பக்கவாட்டுச் சதையால் இழுங்கள், தினமும் கொஞ்ச நேரம் வாசித்தால் போதும்.

சுருதி நிற்கவில்லை

புது நைலான் நீண்டுகொண்டே போகும். சில நாள் தினமும் ஏற்றுங்கள், அடங்கிவிடும். ஈரக்காற்றிலும் நைலான் தளரும், அதனால் ஏ.சி. ஹாலில் சேர்த்த சுருதியை மொட்டைமாடி மேடையில் நம்பாதீர்கள். வாசிக்கும் இடத்துக்குச் சீக்கிரம் போய், பேஸைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டு அப்புறம் சேருங்கள்.

டைல்ஸில் வழுக்குகிறது

எண்ட்பின் ரப்பர் தேய்ந்திருக்கும். சர்ஜிக்கல் கடையில் கைத்தடிக்கு விற்கும் ரப்பர் காலை எண்ட்பின்னின் தடிமனுக்கு அளந்து வாங்கி மாட்டுங்கள். எண்ட்பின்னே உள்ளே இறங்கினால் திருகு பிடிக்கும் இடத்தில் அரத்தால் ஒரு தட்டையான முகம் போட்டுவிடுங்கள்.

வீட்டில் நன்றாக இருக்கிறது, மைக் செட்டில் கெட்டுப்போகிறது

காந்த பிக்கப் வைத்திருந்தால் நைலானில் சத்தமே வராது. அதற்கு இரும்புக் கம்பி வேண்டும். பியெசோ வையுங்கள், அது மரத்தின் அதிர்வையே மின் சிக்னலாக மாற்றும். ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண பியெசோ வட்டு ஒன்றை பிரிட்ஜ் இறக்கையின் வெட்டில் செருகினாலே வேலை செய்யும்.

பியெசோவை நேராக மிக்சரில் குத்தினால் மூக்கால் பேசுவது போல் கேட்கும், அடிச்சத்தம் காணாமல் போகும். அதற்கு 1 மெகா ஓம் அல்லது அதற்கு மேல் உள்ளீட்டுத் தடை கொண்ட ப்ரீஆம்ப் (சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) நடுவில் வேண்டும். மைக் செட் அண்ணனிடம் ‘பேஸை ஏத்துங்க’ என்று கேட்டு இது சரியாகாது.

சுரம் கேட்கிறது, தட்டு கேட்கவில்லை என்றால் இரண்டாவது பியெசோவை பிங்கர்போர்டின் கீழ் முனையில், அடிப்பக்கம் ஒட்டுங்கள். இரண்டுக்கும் தனித்தனி சேனல் கேளுங்கள். பிரிட்ஜ் சேனலில் அடிச்சத்தம் போகட்டும். பலகை சேனலில் கீழே உள்ளதையெல்லாம் வெட்டிவிட்டு 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் தூக்குங்கள். டிரம்ஸ் இல்லாத குழு என்றால் அந்தச் சேனலைத் தாராளமாக ஏற்றலாம். டிரம்ஸ் இருந்தால் ஸ்னேரோடு மோதாத அளவுக்கு இறக்குங்கள்.

ஊளையிட்டால் முதலில் உங்கள் இடத்தை மாற்றுங்கள், மானிட்டர் பாக்ஸ் எஃப் துளைகளைப் பார்த்து இருக்கக் கூடாது. அப்புறம் மெத்தைக் கடை ஸ்பாஞ்சை வெட்டி இரண்டு துளைகளிலும் செருகுங்கள். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை முழுக்க வெட்டச் சொல்லுங்கள், ஈ கம்பியின் அடிச்சுரமே 41 ஹெர்ட்ஸ்தான், அதற்குக் கீழே நமக்கு ஒன்றும் இல்லை. ப்ரீஆம்பில் ஃபேஸ் பட்டன் இருந்தால் திருப்பிப் பாருங்கள். இன்னும் அடங்கவில்லை என்றால் எந்தச் சுரத்தில் ஊளை கிளம்புகிறது என்று ஒவ்வொன்றாக வாசித்துக் கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் ஈக்வலைசரில் குறையுங்கள். மொத்த வால்யூமைக் குறைப்பது கடைசியில்.